இடுப்பு உயரத்துக் காலண்டர்

“அக்கா, உங்க வீட்டுப் பின்கதவு மட்டும் ஏன் இத்தனை பழசா இருக்கு?”

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜெஸ்னா என்கிற ஆராய்ச்சி மாணவி செபமாலையிடம் இப்படிக் கேட்டாள். எழுத்தாளர் சாந்தப்பனைப் பற்றி எழுதுவதற்காகக் கோட்டயத்திலிருந்து வந்த பெண். தண்ணீர் குடிக்க அடுப்படி வரைக்கும் வந்தவள், சொம்பை வாயிலிருந்து இறக்கியபடியே கதவைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

“கதவு பழசில்ல பிள்ள. பெயின்டுதான் பழசு,” என்றாள் செபமாலை.

செபமாலை பொய் சொல்லிப் பழகினவள் அல்ல. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சொல்வதற்குப் பாவம் கிடைக்காமல், பக்கத்து வீட்டுக் கோழியைத் திட்டியதையே நாலு விதமாகச் சொல்லிச் சாமியாரைச் சமாளிப்பவள். அன்றைக்கு அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுளுவாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். ஜெஸ்னா படியிறங்கியதும், கோவிலில் கொடுத்த மாதாபடக் காலண்டரைக் கூடத்துச் சுவரிலிருந்து கழற்றி, பின்கதவின் உள்பக்கத்தில், சரியாக இடுப்பு உயரத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் தேதி பார்க்க வேண்டும் என்றால் குனிய வேண்டும்.

“கேரளாவிலேயே தேதிக்குக் கும்பிடு போடுத ஒரே குடும்பம் நம்ம குடும்பந்தான்,” என்பான் அவள் புருஷன் ஜோஜோ. தோட்டத்து ஜீப்பை ஓட்டுகிறவன். ஓட்டம் இல்லாத நேரத்தில் பெண்டாட்டியைக் கேலி செய்வதுதான் அவனுக்குத் தொழில்.

சாந்தன்பாறைக்கு மேலே, ஏலக்காட்டு நடுவில் இருக்கிறது அவர்கள் லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வாசல், பத்துக் குடும்பம். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் பத்து வீட்டிலும் தும்முவார்கள். இதில் மூன்றாம் நம்பர் வீடு மட்டும் தும்முவதில்லை. அது சாந்தப்பன் நினைவு இல்லம். வாசல் பலகையில் மலையாளத்திலும் எழுதியிருப்பதால், ஊரில் எல்லாருக்கும் அது ‘ஸ்மாரகம்’.

சாந்தப்பன் இந்த லயத்தில் பிறந்து, பத்து வயசு வரைக்கும் இங்கேயே வளர்ந்து, பிறகு குடும்பத்தோடு போடிக்கு இறங்கிப் போனவர். அங்கே படித்து, எழுதி, நாடறிந்த பேர் வாங்கினார். தன் வரலாற்றை எழுதும்போது ‘எங்கள் வீடு லயத்தில் மூன்றாவது வாசல்’ என்று ஒரு வரி எழுதி வைத்தார். அவர் செத்து மூன்று வருஷம் கழித்து ஒரு கமிட்டி கூடியது. மூன்றாம் நம்பர் எது என்று பார்த்தது. அதில் குடியிருந்த வினோவையும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளையும் மேல் லயத்துக்கு அனுப்பியது. வீட்டுக்கு வெள்ளையடித்தது.

மேல் லயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் வீட்டுக்கு வெளியே நிற்பது மேல். போன வருஷம் ஒற்றை யானை ஒன்று வந்து, வினோவின் அடுப்படி ஜன்னலுக்குள் துதிக்கையை விட்டு, உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போனது. வினோவின் பெண்டாட்டி அன்றிலிருந்து அடுப்படியில் உப்பு வைப்பதில்லை, தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். கமிட்டி கூடி அனுதாபத் தீர்மானம் போட்டது.

கமிட்டிக்கு செக்ரட்டரி ஏசுதாஸ் அண்ணாச்சி. தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்மாரகத்தில் இருக்கும் சாமான்கள் பூராவும் அவர் தேடிச் சேர்த்தவை. ‘எழுத்தாளர் பிறந்த கட்டில்’ என்று ஒன்று கிடக்கும். அது தன் அப்பா வீட்டுக் கட்டில் என்பது அண்ணாச்சியின் சம்சாரத்துக்குத் தெரியும். நல்ல மனுஷி, வாயைத் திறக்க மாட்டாள். ஒரு குடை தொங்கும்; அதன் கீழே ‘எழுத்தாளர் உபயோகித்தது போன்ற குடை’ என்று அட்டை இருக்கும். ‘போன்ற’ மட்டும் கொஞ்சம் பொடி எழுத்து. சாவி செபமாலையிடம். காலையில் ஏலக்காய் எடுக்கப் போய்விட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு வந்து திறந்து, கூட்டித் துடைத்து, ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும். அவளை எதற்குப் போட்டார்கள் என்றால், அவள் பேச மாட்டாள் என்பதற்காக. பேசினால் அட்டையில் இல்லாததைச் சொல்லிவிடக்கூடும் என்பது அண்ணாச்சியின் முன்யோசனை.

ஆள் வராத நாளில் செபமாலை கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சாந்தப்பனின் தன் வரலாற்றைப் படிப்பாள். நாலு தடவை முடித்துவிட்டாள். ஆள் வரும் நாளும் உண்டு. ஒரு தடவை பாலக்காட்டுக்குக் கிழக்கேயிருந்து ஒரு வேன் நிறைய விவசாயக் குடும்பங்கள் மூணாறு பார்த்துவிட்டு வழியில் இறங்கின. பூவாத்தாள் என்று ஓர் அம்மாள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் செபமாலையிடம், “ஏனுங்க, இந்த ஊட்ல குடியிருந்தவிங்க இப்ப எங்கீங்க?” என்று கேட்டாள். எழுத்தாளரைக் கேட்கிறாளா, வினோவைக் கேட்கிறாளா என்று புரியாமல் செபமாலை மேலே கையைக் காட்டினாள். இரண்டுக்கும் பொருந்தியது.

வருஷத்தில் ஒரு நாள், சாந்தப்பன் பிறந்த நாளன்று, ஸ்மாரகத்தில் விழா. பிள்ளைகளுக்குப் படம் வரையும் போட்டி, புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசிப்பது, பிறகு பால் விடாத கட்டன் சாயாவும் அவித்த கப்பைக்கிழங்கும் தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும். இதையெல்லாம்விடப் பெரிய விசேஷம் ‘வரி தேடல்’. அதற்கும் புத்தகம்தான் காரணம். ஓரிடத்தில் சாந்தப்பன் இப்படி எழுதியிருக்கிறார்: ‘எட்டு வயசில், ஆணியால் வீட்டுக்குள் ஒரு வரி கீறினேன். நான் எழுதிய முதல் வரி அதுதான். அப்பா அடித்த அடியில் விளாறு ஒடிந்தது. என்ன எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அடிக்க இன்னும் ஓர் ஆள் பாக்கி இருக்கிறது.’

அந்த வரி எங்கே? அது என்ன வரி? வெள்ளைக்கார மானேஜரை எதிர்த்து எழுதிய முழக்கம் என்பது ஏசுதாஸ் அண்ணாச்சியின் முடிவு. மலையைப் பற்றிய கவிதை என்று ஜெஸ்னா முப்பது பக்கம் எழுதி, அதற்குப் பட்டமும் வாங்கிவிட்டாள். விழா நாளில் பிள்ளைகள் டார்ச் லைட்டோடு சுவர் சுவராகத் தேடுவார்கள். பல்லி எச்சம், எறும்புக்கோடு, கொத்தனார் கரண்டித் தடம், எல்லாம் கண்டெடுக்கப்பட்டது. ஒரு வருஷம் ‘அம்மா’ என்று ஒரு பையன் கண்டுபிடித்து, பரிசும் வாங்கி, வீட்டுக்குப் போன பிறகுதான் அவன் பாக்கெட்டில் ஆணி இருந்தது தெரிந்தது.

செபமாலை ஓர் ஓரமாக நின்று கப்பைக்கிழங்கு பரிமாறுவாள். வரி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுப் பின்கதவில், இடுப்பு உயரத்தில், காலண்டருக்குப் பின்னால்.

ஸ்மாரகம் திறந்த மறு வருஷம் கிறிஸ்துமசுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று பழைய பச்சையைக் கத்தியால் சுரண்டினாள். தோட்டத்தில் எல்லா வீட்டுக்கும் தகரக் கதவு போட்டபோது, ஜோஜோவின் அப்பா மட்டும், ‘பலாக்கதவைக் கொடுத்துத் தகரம் வாங்க நான் மடையனா’ என்று பின்கதவை மாற்ற விடவில்லை. அந்தப் பலாப்பலகையில் நாலைந்து பூச்சுப் பெயின்டுக்கு அடியிலிருந்து இரண்டு வார்த்தை வந்தது. கோணல்மாணலாக, ஆழமாக, கோபமாக:

கத்தரீனா வாயாடி.

முழக்கமும் இல்லை, கவிதையும் இல்லை. கத்தரீனா என்பது சாந்தப்பனின் தங்கை பெயர் என்று புத்தகத்தில் பதினேழு இடத்தில் வருகிறது.

ஆனால் செபமாலையின் வீடு எட்டாம் நம்பர். மூன்றாவது வாசல் எப்படி எட்டாம் நம்பரானது? அவள் இரண்டு நாள் யோசித்தாள். மாமியார் சாகும்வரைக்கும் ‘நம்ம மூணாம் வாசல்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழவிக்கு எண்ணத் தெரியாது என்று செபமாலை நினைத்திருந்தாள். எண்ணத் தெரியாதது கிழவிக்கு இல்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் லயத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் வேலைக்குக் கூப்பிடும் சங்கு அங்கேதான் ஊதும், பேர் கூப்பிடுவதும் அங்கிருந்துதான். அதனால் வாசலை அங்கிருந்து எண்ணினார்கள். பிறகு கிழக்குக் கோடிக்குத் தார்ரோடு வந்தது. நம்பர்த் தகடு அடிக்க வந்தவர்கள் ஜீப்பை விட்டு இறங்கிய இடத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று அடித்துக்கொண்டு போனார்கள். பழைய ஆள்களெல்லாம் அதற்குள் செத்தும் போடிக்கு இறங்கியும் போய்விட்டார்கள். கமிட்டி தகட்டைப் பார்த்தது. அவ்வளவுதான்.

இதை ஜோஜோவிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, “வெளியில மூச்சு விட்ராத,” என்றான். “மேல் லயத்துல இப்ப ஒரு வீடு காலி கெடக்கு.”

அதற்கப்புறம் அவனும் சிரிக்கவில்லை. செபமாலை கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருஷம் குடியிருந்த வீடு. பின்னால் குளிமுறியும் கக்கூசும் சொந்தக் கையால் கட்டி, வெள்ளை ஓடு பதித்து, தண்ணீர்க் குழாய் இழுத்து வைத்திருக்கிறார்கள். லயத்திலேயே சுத்தமான கக்கூஸ் அதுதான் என்று ஏசுதாஸ் அண்ணாச்சியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

இந்த வருஷ விழாவுக்கு ஒரு மாசம் இருக்கும்போது அண்ணாச்சி ஸ்மாரகத்துக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

“செவமால, இந்த வருஷம் விசேஷ அதிதி யாரு தெரியுமா?”

“பஞ்சாயத்து மெம்பரா அண்ணாச்சி?”

“மெம்பர் கிடக்காரு. கத்தரீனாம்மா வாராங்க. எழுத்தாளரோட சொந்தத் தங்கச்சி. எண்பத்திமூணு வயசு. முட்டுவலின்னு இத்தனை வருஷம் வராம இருந்தாங்க. இப்பம் வாரேன்னுட்டாங்க. உன் வீட்டுக்காரந்தான் ஜீப்பு கொண்டு போய்க் கூட்டிட்டு வரணும்.”

செபமாலையின் கையிலிருந்த துடைப்பம் நின்றது.

“அந்த வரி எங்க இருக்குன்னு அம்மா வந்து விரல வச்சுக் காட்டிருவாங்க,” என்றார் அண்ணாச்சி. “காட்டுத இடத்துக்குக் கண்ணாடி போட்டு, லைட் போட்டு… நீயே பாரு.”

அன்று ராத்திரி செபமாலை சாப்பிடவில்லை. ஜோஜோ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு யோசனைகளை அடுக்கினான். கதவைக் கழற்றி ஆட்டுக்கொட்டகைக்குப் போட்டுவிடலாம். ஆடு இல்லையே என்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம். தடிமனாகத் தார் பூசிவிடலாம். இல்லையென்றால், போடிமெட்டு வளைவில் ஜீப் கோளாறாகிவிட்டது என்று கிழவியை அப்படியே திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

“எண்பத்திமூணு வயசு மனுஷிய நடுரோட்டுல நிறுத்துவியளா?”

“அப்ப நீயே ஒரு வழி சொல்லு.”

ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரத்தில், செபமாலை உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கதவின் முன்னால் மண்டி போட்டாள். காலண்டரைக் கழற்றினாள். ‘வாயாடி’யின் கடைசி எழுத்துச் சுழியில் வைத்து இரண்டு தேய்ப்பு தேய்த்தாள். பலாமரத்தின் மஞ்சள் தூள் மடியில் விழுந்தது. அப்புறம் கை ஓடவில்லை. தாளை மடித்து அடுப்பில் போட்டாள்.

“என்ன, அழிச்சிட்டியா?” என்றான் சாயங்காலம் வந்த ஜோஜோ.

“இல்ல.”

“ஏம்ட்டி?”

“அதுக்கு ஒருதரம் அடி வாங்கிட்டான்லா. இன்னொருதரம் நாம வேற எதுக்கு.”

நாடறிந்த எழுத்தாளரை அவள் ‘அவன்’ என்று சொல்லிவிட்டது ஜோஜோவுக்குத்தான் உறைத்தது. குனிந்து தேதி பார்த்தான். விழாவுக்கு ஒன்பது நாள்.

விழா அன்று காலையிலேயே ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் படம் வரைந்தார்கள். பாதிப் பேர் யானை வரைந்தார்கள், அதில் ஒன்றின் துதிக்கையில் உப்பு டப்பா இருந்தது. பதினொரு மணிக்கு ஜீப் வந்து நின்றது. அது வந்து நிற்பதற்கு முன்பே பேச்சுச் சத்தம் வந்துவிட்டது.

“…அதான் சொல்றேன், அந்த வளைவுல அப்பயே ஒரு பலா நின்னுச்சு, அதை வெட்டுனவன் வெளங்கமாட்டான். ஏப்பா டிரைவரு, நீ ஏன் பேசவே மாட்டேங்கிற? ஊமையா நீ?”

ஜோஜோ இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, செபமாலையின் காதில் சொன்னான்: “போடியில ஆரம்பிச்சாங்க. மூச்சு விடத்தான் நேரம் இருக்கு, வாய் மூட நேரமில்ல. எழுத்தாளர் சரியாத்தான் எழுதியிருக்காரு.”

சிறிய உடம்பு. வெள்ளைச் சேலை. கொண்டையில் இரண்டு ஊசி. கத்தரீனாம்மாள் கைத்தடியை ஊன்றி இறங்கி, மாலைக்குத் தலையைக் கொடுத்தபடியே, “சாமந்தியா? எனக்குத் தும்மல் வரும்,” என்று சொல்லித் தும்மினாள். அண்ணாச்சி கூட்டத்தை விலக்கி அவளை ஸ்மாரகத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

“இதும்மா, எழுத்தாளர் பிறந்த கட்டிலு.”

“கட்டிலா? யாருக்கு இருந்துச்சு கட்டிலு? அவன் பிறந்தது சாக்குல. நான் பிறந்தது சாக்குகூட இல்ல, அது அப்ப நனைஞ்சு காயப் போட்டிருந்துச்சாம்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணாச்சி குடைக்கு நகர்ந்தார்.

“இது அவங்க உபயோகிச்ச…” பொடி எழுத்து ஞாபகம் வந்து, “மாதிரி,” என்று சேர்த்தார்.

“குடையா? தலைக்குக் கம்பிளிக் கொங்காணிதாம்ப்பா எங்களுக்கு. குடை பிடிச்சா கங்காணி கேப்பான், நீ தொரையா நான் தொரையான்னு. அது யாரு படம்? எங்க அப்பாவா? எங்க அப்பாருக்கு மீசை கிடையாது. இந்த ஆளு யாரோ நல்லா இருக்காரு, இருக்கட்டும்.”

அண்ணாச்சியின் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. கதவோரம் நின்றிருந்த செபமாலைக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். இந்த அம்மாளிடம் ஒரு விஷயம் அகப்பட்டால் அது போடிமெட்டு தாண்டுவதற்குள் ரெண்டு மாநிலத்துக்கும் தெரிந்துவிடும்.

கத்தரீனாம்மாள் அடுப்படிக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் நின்றாள்.

“ஏப்பா, அடுப்பு ஏன் இங்கிட்டு இருக்கு?”

“அங்கதானம்மா எப்பவும்…”

“எங்க வீட்ல நுழைஞ்சா இடது கைப்பக்கம் அடுப்பு. இது வலது.”

லயத்தில் இரண்டிரண்டு வீட்டுக்கு ஒரு புகைக்கூண்டு. ஒரு வீட்டில் அடுப்பு வலப்பக்கம் என்றால், சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இடப்பக்கம். மூன்றில் வலது என்றால் நாலில் இடது; ஏழில் வலது, எட்டில் இடது. செபமாலை விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, விரலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“புதுப்பிச்சப்ப மாத்தியிருப்பாங்கம்மா,” என்றார் அண்ணாச்சி. “வயசானா ஞாபகம் கொஞ்சம்…”

“ஞாபகத்துக்கு என்ன கேடு? உம்ம சட்டையில மூணாவது பித்தான் வேற கலரு. போன தடவை போடிக்கு வந்தப்பவும் அதே சட்டைதான்.”

பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள். ஆனால் கிழவி சிரிக்கவில்லை. அடுப்பையே பார்த்தபடி நின்றாள். பிறகு மெதுவான குரலில், “அது இருக்கட்டும். கக்கூஸ் எங்கிட்டு இருக்கு?” என்றாள். “மூணு மணி நேரம் ஜீப்புல வந்திருக்கேன்.”

ஸ்மாரகத்துக்கு என்று ஒரு கக்கூஸ் இருக்கிறது. போன வருஷம் ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். தண்ணீர் இழுப்பது அடுத்த கட்ட வேலை என்பதால், ரிப்பன் வெட்டிய கையோடு பூட்டியும் விட்டார்கள். அண்ணாச்சி ஒரு வினாடி தவித்தார். அப்புறம் வெளிச்சம் வந்தவர் போல, “செவமால, அம்மாவ உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அங்கதான் சுத்தமா இருக்கும்,” என்றார்.

செபமாலை கண்ணால் ஜோஜோவைத் தேடினாள். அவன் கூட்டத்துக்கு வெளியே நின்று, தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தான்.

எட்டாம் நம்பருக்கு அறுபது அடி தூரம்கூட இருக்காது. கிழவியின் கை செபமாலையின் தோளில் இருந்தது. பேச்சு ஓயவில்லை. இந்த வாசலில் யார் இருந்தார்கள், யார் யாரோடு ஓடிப் போனார்கள், எந்த நாய் யாரைக் கடித்தது. ஆறாம் வாசலுக்கு வரும்போது தலையைத் தூக்கி, “ஸ்டோர் எங்கடி? அந்தா, அந்தக் கோடிதான?” என்றாள்.

“ஆமாம்மா.”

கிழவி ஸ்டோரிலிருந்து இந்தப் பக்கமாகக் கைத்தடியை நீட்டினாள். ஒன்று. இரண்டு. தடி மூன்றாவதாக நின்ற இடம் செபமாலையின் வாசல்.

உள்ளே போனதும் இடது கைப்பக்கம் அடுப்பு. செபமாலை வேகவேகமாகப் பின்கதவைத் திறந்து, “இப்படி வாங்கம்மா,” என்று கிழவியைக் கூட்டிக்கொண்டு போய்க் குளிமுறிக் கதவைக் காட்டினாள். திறந்த கதவு சுவரோடு ஒட்டி நின்றது. காலண்டர் அசங்காமல் தொங்கியது. தப்பித்தோம் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. சொம்பில் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்த கத்தரீனாம்மாள் கைகால் கழுவிக்கொண்டு, “ஓடெல்லாம் பதிச்சிருக்க. நல்லாருக்கு,” என்றாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி அடுப்படிக்குள் கால் வைத்தவள், கதவைப் பார்த்து நின்றாள்.

“ஏத்தா, உங்க வீட்ல யாரு குள்ளம்?”

“யாருமில்லம்மா.”

“பிறகு எதுக்கு மாதாவ இடுப்புல மாட்டியிருக்க?”

செபமாலைக்குப் பொய் வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தனை சுளுவாக வந்த சாமான், கூப்பிட்ட நேரத்தில் வரவில்லை.

கிழவி தடியைச் சுவரில் சாய்த்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். மாதாவை முத்தமிடப் போகிறவளைப் போல முகத்தைக் கிட்டத்தில் கொண்டு போய், காலண்டரைத் தூக்கினாள்.

அடுப்படியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. கிழவியின் ஆள்காட்டி விரல் ஒவ்வொரு எழுத்தாகப் போனது. ‘க’வில் நுழைந்து, சுற்றி, ‘டி’யின் தேய்ந்த சுழியில் வந்து நின்றது. விரல் மறுபடி முதலிலிருந்து போனது.

“நாந்தாம்மா அதக் கொஞ்சம் தேச்சேன்,” என்றாள் செபமாலை. ஆரம்பித்ததும் எல்லாம் கொட்டியது. பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் இப்படிக் கொட்டியதில்லை. “அழிக்கப் பாத்தேன், முடியல. இது தெரிஞ்சா இந்த வீட்ட எடுத்திருவாங்க. எங்கள மேல் லயத்துக்கு அனுப்பிருவாங்க. வினோ வீட்டயும் அப்படித்தான் அனுப்புனாங்க. அங்க ஆனை வருது. அதான் மறைச்சு வச்சேன். தப்புத்தாம்மா. நீங்க சொல்லத்தான் செய்வீங்க. உங்க அண்ணன் எழுதுனது. நான் வேண்டாங்கல…”

கிழவி குனிந்தபடியே இருந்தாள். முகம் தெரியவில்லை. தோள் ஆடியது, அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று செபமாலைக்குப் பிடிபடவில்லை. வெளியே ஒலிபெருக்கியில் அண்ணாச்சியின் குரல், இன்னும் சற்று நேரத்தில் கத்தரீனா அம்மா அவர்கள் அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க இடத்தைத் தம் திருக்கரத்தால் சுட்டிக்காட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

“ஆணி இருக்கா?” என்றாள் கத்தரீனாம்மாள்.

“என்னதும்மா?”

“ஆணிடி. ஆணி.”

செபமாலை அலமாரி டப்பாவைக் கவிழ்த்து மூன்றங்குல ஆணி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கிழவி ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் எழுதியதற்கு நேர் கீழே, கீறத் தொடங்கினாள். எண்பத்திமூன்று வயசுக் கைக்குப் பலா சீக்கிரம் வழிவிடவில்லை. ஒரு கோட்டுக்கு நாலு இழுப்பு. நாக்கு பல்லுக்கு வெளியே வந்திருந்தது. முடித்துவிட்டுத் தூளை வாயால் ஊதினாள்.

நீதாண்டா.

ஆணியைச் செபமாலையின் உள்ளங்கையில் வைத்தாள். காலண்டரை இறக்கி, கோணலாக இருந்த மாதாவை நேராக்கினாள். தடியை எடுத்துக்கொண்டாள்.

செபமாலை அவள் பின்னாலேயே ஓடினாள். வாசலுக்கு வெளியே மொத்த லயமும் கூடியிருந்தது. பிள்ளைகள் பட்டப்பகலில் டார்ச் லைட்டை எரிய விட்டுக்கொண்டு நின்றார்கள். மேல் லயத்திலிருந்து வினோகூட வந்திருந்தான். ஏசுதாஸ் அண்ணாச்சி ஒலிவாங்கியோடு எதிரே வந்தார்.

“வாங்கம்மா, வாங்க. எல்லாரும் காத்திட்டிருக்கோம். அந்த வரி எங்க இருக்கு, என்னன்னு எழுதியிருக்குன்னு அம்மா இப்பம் சொல்லணும்.”

ஒலிவாங்கியைக் கிழவியின் வாய்க்கு நேராக நீட்டினார். அது கொய்யென்று ஒரு தரம் கத்திவிட்டு அடங்கியது. செபமாலையின் கைக்குள் ஆணி குத்தியது. அவள் கையை இன்னும் இறுக்கினாள்.

கத்தரீனாம்மாள் ஒலிவாங்கியைப் பார்த்தாள். மூன்றாம் நம்பரைப் பார்த்தாள், அதன் வெள்ளைச் சுவரை, பலகையை. வரிசையாக நின்ற பத்து வாசலையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தாள். கடைசியில் செபமாலையைப் பார்த்தாள். பிறகு முந்தானைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

“அம்மா, ஒரு வார்த்தை,” என்றார் அண்ணாச்சி.

கிழவி அவரைத் தாண்டி நடந்தாள். கூட்டம் தானாக விலகியது. கப்பைக்கிழங்குத் தட்டை நீட்டிய கை அப்படியே நின்றது. ஜோஜோ ஓடிப் போய் ஜீப்பின் கதவைத் திறந்து கைகொடுத்தான். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தடியை மடியில் குறுக்கே வைத்து, நேரே ரோட்டைப் பார்த்தாள்.

“அம்மாவுக்குத் தொண்டை அடைச்சிட்டு,” என்று அண்ணாச்சி ஒலிவாங்கியில் தழுதழுத்தார். “பிறந்த வீட்டப் பார்த்த உணர்ச்சி. பேச்சு வரல.”

எல்லாரும் கை தட்டினார்கள். ஜோஜோ ஒரு தரம் பக்கத்து சீட்டைப் பார்த்தான், ஒரு தரம் செபமாலையைப் பார்த்தான். பிறகு வண்டியைக் கிளப்பினான். போடியிலிருந்து மூன்று மணி நேரம் மூடாத வாய், ஏலக்காட்டு வளைவில் ஜீப் மறையும் வரைக்கும் திறக்கவே இல்லை.